கன்சோல் வைஃபையில் சேரவில்லையா? கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள் (13,900 ரூபாய் போயிற்று)

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 13,900 ரூபாய். அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை, வராது என்று இன்று காலையில் அந்தக் கடையிலிருந்து தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கடையின் பெயரை இங்கே போடப்போவதில்லை. திருச்சியில் வீடியோ கேம் கன்சோல்களை விற்று, பழுதும் பார்க்கும் கடை, அவ்வளவுதான். இதே சிக்கல் உங்கள் வீட்டில் வந்தால் என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

என் மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியதற்காக, பெங்களூரில் இருக்கும் என் கொழுந்தன் தன்னுடைய பிளேஸ்டேஷன் 4-ஐ அவனுக்குக் கொடுத்தார். 2013-இல் வெளிவந்த முதல் மாடல். பழையதுதான், ஆனால் பொன்னாகப் பார்த்துக்கொண்ட பொருள். டிவியில் இணைத்தோம், டிஸ்க்கில் இருந்த விளையாட்டு ஓடியது. வைஃபையில் மட்டும் சேரவில்லை. தேடச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்களின் வைஃபை பெயர்கள் வரிசையாக வருகின்றன, எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் வரவில்லை. அதே வைஃபையில் எங்கள் கைபேசிகள், மடிக்கணினி எல்லாம் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. பையன் முகம் வாடிவிட்டது. அந்தக் கடையைக் கூப்பிட்டேன்.

வந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போனது அந்தப் பேச்சில்தான். முப்பது வயது இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். மகனிடம் என்ன குரூப் எடுக்கப்போகிறாய் என்று விசாரித்தார். தரையில் உட்கார்ந்து கன்சோலில் தேடிப் பார்த்தார். தன் கைபேசியில் ஒரு செயலியைத் திறந்து எங்கள் வைஃபை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டினார். பிறகு கன்சோலை மடியில் வைத்துக்கொண்டு, "உள்ளே வைஃபை சிப் பாதி செத்துவிட்டது அக்கா. வேறு கடையாக இருந்தால் புதுசு வாங்கச் சொல்லியிருப்பார்கள். பையன் ஆசையாக வைத்திருக்கிறான், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சிப்பை மட்டும் மாற்றித் தருகிறேன்" என்றார். செலவைக் குறைத்துக் கொடுக்க நினைக்கிற மனிதர் என்று யாருக்குத்தான் தோன்றாது? வீட்டுக்கு வந்ததற்கு 500 ரூபாய், சிப் மாற்ற 4,500 ரூபாய். யுபிஐயில் அங்கேயே அனுப்பினேன்.

கன்சோலைக் கடைக்கு எடுத்துச் சென்றவர்கள் சில நாள் கழித்து வரச் சொன்னார்கள். எங்கள் கண் முன்னாலேயே கன்சோலை அங்கிருந்த வைஃபையில் இணைத்துக் காட்டினார்கள். உடனே சேர்ந்தது. மகன் துள்ளிக் குதித்தான். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் எங்கள் பெயர் வரவில்லை. அதே ஆள் மறுபடி வந்தார். "சிப் இப்போது புதுசு, நீங்களே பார்த்தீர்கள். கோளாறு உங்கள் மோடத்தில். அது வீட்டு மோடம், கேம் தாங்காது. கேமிங் ரவுட்டர் போட வேண்டும்" என்றார். நான்கு ஆண்டெனாக்கள் வைத்த ஒரு ரவுட்டரை 8,900 ரூபாய்க்குக் கொண்டுவந்து, எங்கள் மோடத்தோடு கேபிளில் செருகினார். கன்சோல் சேர்ந்துவிட்டது. அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, வாசல்வரை வந்து நன்றி சொல்லி அனுப்பினேன். 500, 4,500, 8,900. ஆக மொத்தம் 13,900 ரூபாய்.

அதன்பிறகு ஆன்லைனில் நண்பர்களோடு விளையாடப் போனால் குரல் கேட்கவில்லை, அழைப்பு ஏற்கப்படவில்லை. இணைப்பைச் சோதித்தால் நாட் வகை 3 என்று வந்தது, அதாவது மற்ற விளையாட்டுக்காரர்களோடு நேரடியாக இணைவது கடினம் என்ற நிலை. எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் பெண் கணினி அறிவியல் படிக்கிறாள். அவள் வந்து பார்த்த அன்றுதான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். வீட்டு வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதல் மாடல் பிளேஸ்டேஷன் 4-க்கு 2.4 மட்டும்தான் தெரியும். 2016-இல் வந்த ஸ்லிம், புரோ மாடல்களில்தான் 5 கிகாஹெர்ட்ஸ் சேர்க்கப்பட்டது. எங்கள் மோடத்தில் 2.4 அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கொஞ்ச நாள் முன்பு இணையக் கம்பெனி ஆள் மோடத்தை மாற்றிவிட்டுப் போனார், அன்றிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. கைபேசிகள் 5-இல் ஓடியதால் வீட்டில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. கன்சோலைப் பொறுத்தவரை எங்கள் வைஃபை என்ற ஒன்றே இல்லை. மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அவள் 2.4-ஐ இயக்கினாள். கேமிங் ரவுட்டரைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தேடினோம், எங்கள் வீட்டுப் பெயர் வந்தது. கடவுச்சொல்லைப் போட்டதும் சேர்ந்துவிட்டது. நாட் வகையும் 2 என்ற வழக்கமான நிலைக்கு வந்துவிட்டது. மோடத்துக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டரைச் செருகியதால்தான் நண்பர்களின் குரல் கேட்காமல் போயிருக்கிறது. 8,900 ரூபாய் கொடுத்து இல்லாத ஒரு தொல்லையை விலைக்கு வாங்கித் தந்திருக்கிறார்கள். செலவே இல்லாத வேலை, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை!

சிப் பாதி செத்துவிட்டது என்றாரே, செத்த சிப் எப்படிப் பக்கத்து வீட்டுப் பெயர்களையெல்லாம் காட்டும்? இந்தக் கன்சோலில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில்தான் இருக்கின்றன. கம்பியில்லாத கன்ட்ரோலர் ஒரு நாள்கூடத் தடுமாறவில்லை. இதெல்லாம் அந்தத் தொழில் செய்கிறவருக்குத் தெரியாதா? இன்னொன்று இருக்கிறது. முதல் நாள் அவர் தன் கைபேசியில் காட்டிய திரையை மகன் சித்தப்பாவுக்கு அனுப்புவதற்காகப் படமெடுத்து வைத்திருந்தான். அதில் எங்கள் வைஃபை பெயருக்குக் கீழே 5 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் சிப் செத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

அதைவிட வயிற்றெரிச்சல் இது. முதல் மாடலைப் பிரிக்க வேண்டுமென்றால் பின்பக்கத் திருகாணிகளை மூடி ஒட்டியிருக்கும் சீலை எடுத்தே ஆக வேண்டும். எங்கள் கன்சோலில் அந்தச் சீல் கிழியாமல் அப்படியே இருக்கிறது. கன்சோலைத் திறக்கவே இல்லை. திறக்காத பெட்டிக்குள் சிப் மாற்ற 4,500 ரூபாய்!

கடைக்குப் போனேன். முதலில், முதலாளி வெளியூரில் இருக்கிறார், நாளை வாருங்கள். அடுத்து, அந்தப் பையன் வேலையை விட்டு நின்றுவிட்டான், அவன் என்ன செய்தான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பையன் உள்ளே உட்கார்ந்து சாலிடர் வைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சீலைக் காட்டினேன். "வேலை முடிந்ததும் புது சீல் ஒட்டித்தான் கொடுப்போம் மேடம்" என்றார்கள். அக்கா போய் மேடம் வந்துவிட்டது. கொழுந்தனின் மகள் சின்ன வயதில் கன்சோலின் பின்பக்க விளிம்பில், மேல் மூடியும் கீழ்ப்பகுதியும் சேரும் இடத்தில், ஒரு பூனை ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறாள். மூடியைத் தூக்கினால் பூனை இரண்டாகக் கிழிய வேண்டும். கிழியவில்லை. அதைக் காட்டியதும் பதில் இல்லை, "இப்போது ஓடுகிறதல்லவா, பிறகென்ன?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார்கள்.

ரவுட்டரையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெட்டி பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லையாம். பெட்டியைப் பிரித்ததே அவர்களுடைய ஆள்தான். பில் கேட்டேன். அப்போது கொடுத்தது கடைப் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் இன்னும் 18 சதவீதம் கட்டுங்கள் என்றார்கள். ஏமாற்றிய 13,900 ரூபாய்க்கு ரசீது வாங்க நான் மேலும் பணம் கொடுக்க வேண்டுமாம்! பிறகு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நீல நிறக் குறி விழுகிறது, பதில் இல்லை. இன்று காலையில் வந்த பதில்: "சர்வீஸ் முடிந்தது. பணம் திரும்பத் தர இயலாது." அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

என் மகன் இரவு என்னிடம் வந்து, இந்தக் கன்சோல் வேண்டாம் அம்மா, விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்கிறான். பரிசாகக் கிடைத்த பொருளைப் பற்றி ஒரு பிள்ளையை இப்படிப் பேச வைத்துவிட்டார்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

என்ன செய்யலாம் என்று எழுதுவதாகச் சொன்னேன், விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பிளேஸ்டேஷன் 3, நின்டெண்டோ வீ, முதல் மாடல் பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்கள் மோடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள், தெரியாவிட்டால் இணையக் கம்பெனியையே கேளுங்கள். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை 2.4-இல் வைத்து இணைத்துப் பாருங்கள், சேர்ந்தால் சிப் நன்றாகத்தான் இருக்கிறது. சேராவிட்டால், பிளேஸ்டேஷனில் மோடத்திலிருந்து நேராக ஒரு லேன் கேபிளைச் செருகுங்கள், சில நூறு ரூபாய்தான். கன்சோலைக் கொடுக்கும் முன் பின்பக்கச் சீலைப் படமெடுங்கள். மாற்றிய பழைய சிப்பைக் கையில் கேளுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. திருச்சியில் வேறு யாரேனும் வைஃபை சிப் மாற்றியதாகச் சொல்லிப் பணம் கொடுத்திருந்தால், இன்றே கன்சோலைத் திருப்பிச் சீலைப் பாருங்கள். கிழியாமல் இருந்தால் எனக்கு எழுதுங்கள், மனுவில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறேன்.