தாம்பூலப் பை வாங்க இருப்பவர்கள் கவனத்திற்கு: வேலூரில் 'மக்கும் பை' என்ற பெயரில் விற்கப்படுவது

தை, மாசி முகூர்த்தங்களுக்காக வேலூரிலோ காட்பாடியிலோ தாம்பூலப் பைகளையும் பந்திச் சாமான்களையும் மொத்தமாக வாங்க இருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பு இதைப் படித்துவிட வேண்டுகிறேன். மக்கும் பை, துணிப்பை, காகிதக் கப் என்று சொல்லி ஒரு கடை எங்கள் வீட்டுத் திருமணத்திற்கு விற்ற மூன்று பொருள்களில் ஒன்றுகூடச் சொன்ன பெயருக்கு உரியதாக இல்லை. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

திருமணம் என் அக்கா மகளுடையது. தாய்மாமன் என்ற முறையில் தாம்பூலச் செலவு என்னுடையது. மண்டபத்தில் பிளாஸ்டிக் கவர் எதுவும் இருக்கக்கூடாது என்று அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்ததால், சாதாரண கவரைப் போல மூன்று மடங்கு விலை என்றபோதும் நான் தயங்கவில்லை. கடைக்காரர் எடுத்துக் காட்டிய மாதிரிப் பை மெல்லியதாக, பளபளப்பில்லாமல் இருந்தது. தயாரித்தவரின் பெயரும் ஒரு சான்றிதழ் எண்ணும் அதில் அச்சாகியிருந்தன. "சோள மாவுல செஞ்சது சார், மண்ணுல போட்டா எருவாயிடும்" என்று அவர் உறுதி கூறினார். அந்த மாதிரியை நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். திருமணத்திற்கு முந்தைய நாள் மாலை மண்டபத்தில் இறங்கிய கட்டுகளிலோ பச்சை இலைப் படமும், அம்புக்குறி வட்டமும், '100% பயோடிகிரேடபிள்' என்ற வரியும் மட்டுமே இருந்தன. தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் எந்தப் பையிலும் இல்லை. தேங்காயும் வெற்றிலையும் போட்டாக வேண்டிய நேரத்தில் யாரும் கட்டுகளைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்பது விற்பவருக்கும் தெரியும்.

பெயரும் எண்ணும் இல்லாதது சிறிய குறை அன்று. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மக்கும் பிளாஸ்டிக் பையைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு முன்பே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பையின் மேல் தயாரிப்பாளர் பெயரும் அந்தச் சான்றிதழின் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அதற்கான இந்தியத் தர அளவுகோல் ஐ.எஸ். 17088 என்பதாகும். அந்தச் சோதனையில், ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து பராமரிக்கப்படும் உரக் கலவையில், 180 நாள்களுக்குள் பையிலுள்ள கரிமத்தின் 90 சதவீதமாவது கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும். ஆகவே, முறையான சான்றிதழ் பெற்ற பையைக்கூட மண்ணில் போட்டால் எருவாகிவிடும் என்று சொல்வது பாதிப் பொய்தான். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டிச் சுட்டாலும், மொட்டை மாடித் தொட்டியில் 58 டிகிரி வாரக்கணக்கில் நிலைத்து நிற்பதில்லை. அந்த வெப்பம் கிடைக்கும் பெரிய உரக் கூடத்திற்கு இந்தப் பையை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்ற கேள்விக்குக் கடையில் பதில் இருக்கவில்லை.

மீந்த பைகளில் சிலவற்றைக் காய்கறிக் கழிவுடன் மாடியிலிருக்கும் உரத் தொட்டியில் போட்டு மூடினோம். கோடை முடிந்து தொட்டியைக் கிளறியபோது, வாழைப்பழத் தோலும் கீரைத் தண்டும் அடையாளமே தெரியாமல் கறுத்த எருவாகியிருந்தன. பை மட்டும் மீன் செதிளைப் போலச் சிறு சிறு துண்டுகளாக நொறுங்கி எரு முழுவதும் பரவியிருந்தது. வெயிலிலும் சூட்டிலும் விரைவாக நொறுங்குவதற்கென்றே சாதாரணப் பாலித்தீனில் உலோக உப்புகளைச் சேர்க்கும் முறை ஒன்று உண்டு. இவ்வகைப் பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் தடை செய்துவிட்டது. நொறுங்குவது மக்குவது ஆகாது. முழுப் பையாக இருந்தால் கையால் எடுத்துவிடலாம், நொறுங்கிய பின் எடுக்கவே முடியாது. எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளருக்கு இது முன்பே தெரிந்திருந்தது. மக்கும் குப்பைக் கூடையில் நாங்கள் போட்டிருந்த பைகளை அவர் எடுத்து மக்காத குப்பையில் போட்டார். "இன்னா பேரு போட்டு வந்தாலும் இது கவருதான் சார். எரு சலிக்கசொல்ல ஒண்ணொண்ணா பொறுக்க வேண்டியதா கீது" என்றார். உண்மையான மக்கும் பையும் போலியும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும்போது, அவர் இரண்டையும் ஒதுக்குவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

அடுத்தது, நெருங்கிய உறவினர்களுக்கு என்று தனியாக வாங்கிய, மணமக்கள் பெயர் அச்சிட்ட 'துணிப்பை'. குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கும் எங்கள் சம்பந்தி முறைக்காரர் ஒருவர் பந்தி முடிந்து கிளம்பும்போது அதைக் கையில் வாங்கியதுமே, "மாமா, இதுல பாவும் இல்ல, ஊடையும் இல்ல. துணின்னு எவன் சொன்னான்?" என்று கேட்டுவிட்டார். உற்றுப் பார்த்தால் நூலே கிடையாது. புள்ளி புள்ளியாகச் சூடு வைத்து அழுத்தி ஒட்டப்பட்ட இழைகள்தான். வியாபாரிகள் 'நான் ஓவன்' (non-woven, அதாவது நெய்யாதது) என்று அழைக்கும் இது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஓர் ஓரத்தைக் கத்தரித்துத் தீக்குச்சியால் கொளுத்தினால், பருத்தி காகிதத்தைப் போல எரிந்து சாம்பலாகும். இது உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான மணியாகும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலேயே நெய்யாத பையும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இருந்தன. அந்தத் தடையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, 2023 அக்டோபரில் காகிதக் கப் மீதான தடையை நீதிமன்றம் சரி என்றது. நெய்யாத பையைப் பற்றி மட்டும் மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. பரிசீலனையின் முடிவு எதுவானாலும் அது துணியாகிவிடப் போவதில்லை.

காகிதக் கப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உட்புறம் பாலித்தீன் பூசாவிட்டால் சூடான காபி நிமிடக் கணக்கில் காகிதத்தை ஊற வைத்துவிடும். 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி நீர் 15 நிமிடம் அத்தகைய கப்பில் இருந்தால், நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் சுமார் 25,000 வரை கலப்பதாகக் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் தெரிவித்தார்கள். வாடகைக்கு எவர்சில்வர் டம்ளர் எடுத்திருந்தால் செலவும் குறைந்திருக்கும் என்று சமையல்காரர் அன்றே முணுமுணுத்தார்.

கடைக்குத் திரும்பிச் சென்றபோது நடந்ததுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. மாதிரிப் பையையும் வந்த பையையும் அருகருகே வைத்துக் காட்டினேன். "கம்பெனியில அப்படித்தான் போட்டு வருது சார், நாங்க என்ன பண்றது" என்றார். ஆனால் கம்பெனியின் பெயரைச் சொல்ல மறுத்தார். பணத்தைக் கேட்டபோது, அதே சரக்கில் இன்னொரு கட்டுத் தருவதாகச் சொன்னார்! ரசீதை எடுத்துப் பார்த்தால் 'கேரி பேக்' என்று மட்டும் எழுதி, எடையும் தொகையும் போட்டிருந்தது. மக்கும் என்ற சொல்லையே அதில் காணவில்லை. வாயால் விற்ற பெயர் ஒன்று, தாளில் எழுதிய பெயர் வேறு. இது தற்செயலாக நேர்ந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

எனவே, மக்கும் பை என்று விலை கூட்டிச் சொல்லும் இடத்தில், வாரியச் சான்றிதழ் எண்ணைக் கேட்டு, மாதிரியில் இருக்கும் அதே எண் வந்திறங்கும் கட்டிலும் இருக்கிறதா என்று மண்டபத்துக்குப் போவதற்குள் பிரித்துப் பாருங்கள். அந்த எண்ணையும் 'மக்கும் பிளாஸ்டிக், ஐ.எஸ். 17088' என்ற விவரத்தையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள். துணிப்பை என்றால் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பசுமையானது, சூழலுக்கு உகந்தது போன்ற பொதுச் சொற்களை உரிய விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக்கூடாது. அந்தப் பெருமை பொருள் முழுவதற்குமா, அதன் உறைக்கு மட்டுமா என்பதையும் சொல்லியாக வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் நான் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்வேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகவும் கொடுக்கலாம். பச்சை இலைப் படமும் '100% பயோடிகிரேடபிள்' என்ற வரியும் மட்டும் உள்ள, தயாரிப்பாளர் பெயரில்லாத பையை இந்தப் பகுதியில் அதிக விலை கொடுத்து வாங்கியவர்கள் ரசீதையும் ஒரு பையையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவித்தால், சேர்ந்தே மனுக் கொடுக்கலாம்.