இருப்புச் சட்டியும் ராத்திரிப் பொரியலும்: நாலு வருட அனுபவம்

எங்கள் வீட்டில் ராத்திரிச் சமையல் என் பொறுப்பு. மனைவி வேலை முடிந்து வர எட்டு மணியாகிவிடும், நான் ஆறே முக்காலுக்கு வந்துவிடுவேன். காலையில் வைத்த ரசமோ பருப்போ இருக்கும், சோறு குக்கரில் ஆகிவிடும். பாக்கி ஒரு பொரியல்தான். அந்த ஒரு பொரியலுக்குத்தான் வருடக்கணக்கில் திணறினேன். வெண்டைக்காய் கூழாகும். முட்டைக்கோஸ் தண்ணீர் விட்டு அவித்த மாதிரிக் கிடக்கும். பிள்ளைகள் இரண்டும் தட்டோரம் ஒதுக்கிவிட்டு அப்பளம் கேட்கும்.

2021 கடைசியில் நான்ஸ்டிக் கடாயின் பூச்சு உரிய ஆரம்பித்தது (எவர்சில்வர் கரண்டியால் சுரண்டியது நான்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது). அப்போதுதான் பத்து அங்குல வார்ப்பிரும்புக் கடாய் ஒன்று வாங்கினேன். எங்கள் மதுரைப் பக்கம் இருப்புச் சட்டி என்போம். எடை இரண்டரைக் கிலோ. அன்றிலிருந்து வாரத்துக்கு நாலு நாளாவது அது அடுப்பில் ஏறுகிறது.

முதல் மாதம் வெறுத்துப்போய்விட்டது. "பழக்கினதுதான் சார், நேரா அடுப்புல வைங்க" என்று கடையில் சொன்னதை நம்பி உருளைக்கிழங்கு போட்டேன் (பழக்குவது என்றால் எண்ணெய் தடவிச் சூடாக்கி, காய் ஒட்டாதபடி சட்டியைத் தயார் செய்வது). பாதி கிழங்கு சட்டியோடு ஒட்டிக்கொண்டது. மாமியாருக்குப் போன் போட்டால், "என்ன மாப்பிள்ளை, கடைக்காரன் சொன்னான்னு அப்படியே வச்சுட்டீங்களா? மூணு நாளைக்கு வடிகஞ்சி ஊத்தி வைங்க" என்றார். குக்கர் சோறு தின்கிற வீட்டில் வடிகஞ்சிக்கு எங்கே போவது? அரிசி கழுவிய தண்ணீரைத்தான் தினமும் மாற்றி மாற்றி ஊற்றினேன். அப்புறம் கழுவித் துடைத்து, நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி, இரண்டு வெங்காயத்தை அதில் கருக வதக்கிக் கொட்டினேன். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் ஆனது சட்டி முழுதாகப் பழக. இப்போது உள்பக்கம் கறுப்பாக, மழமழவென்று இருக்கிறது. முட்டைப் பொரியல்கூட ஒட்டுவதில்லை.

வித்தியாசத்தை முதலில் காட்டியது வெண்டைக்காய். மெல்லிய சட்டியில் அரைக் கிலோ காயைக் கொட்டியதும் சூடு சட்டென்று இறங்கிவிடும். காய் விடும் தண்ணீர் ஆவியாகாமல் அடியில் தேங்கி, காய் அதிலேயே வெந்துவிடும். கனத்த இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வெளியே வரும் ஈரம் அப்போதே போய்விடுகிறது. ஆனால் சட்டி மட்டும் மாயம் செய்யாது. காயைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்க வேண்டும். சட்டி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, பிறகு காய். மூடி போடவே கூடாது. உப்பைக் கடைசி இரண்டு நிமிடத்தில் போடுகிறேன், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விடும். நெருக்கிக் குவிக்காமல் இரண்டு தடவையாக வதக்கினால் மொத்தம் இருபது நிமிடம். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று வரும். சின்னவன் முதல் தடவையாக இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றது அந்த வெண்டைக்காயைத்தான்.

கோவைக்காயும் உருளையும் இதே வழிதான், ஆனால் கோவைக்காய்க்குப் பொறுமை வேண்டும். நீளவாக்கில் மெல்லிசாக நறுக்காவிட்டால் அரை மணி நேரம் ஆகிவிடும். கொத்தவரங்காயை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு வடித்தபின் போடுகிறேன், கசப்பு குறையும். முட்டைக்கோஸ், பீன்ஸ், கேரட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே நறுக்கி டப்பாவில் போட்டு வைத்துவிடுவது வழக்கம். அன்று காலையில் அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போய்விடுவேன். (1999-இல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த உழவர் சந்தை அதுதான் என்று ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை.) முட்டைக்கோஸ் ஏழெட்டு நிமிடம். ஊறவைத்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி சேர்த்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அடுப்பை இரண்டு நிமிடம் முன்னாலேயே அணைத்துவிட்டுத் தேங்காய்த் துருவலைத் தூவினால் சட்டியின் சூட்டிலேயே மீதி ஆகிவிடும்.

ஒத்துவராததும் உண்டு. புடலங்காய், சுரைக்காய், பூசணி எல்லாம் தண்ணீர்க் காய்கள், அவற்றுக்கு இந்தச் சட்டி தேவையே இல்லை. வாழைக்காயை மோர்த் தண்ணீரில் போட்டு எடுத்தும் இதில் கறுத்துத்தான் போகிறது. துவர்ப்புள்ள காய் இரும்போடு சேர்ந்தால் அப்படித்தான். ருசி கெடுவதில்லை, ஆனால் பெரியவள் நிறத்தைப் பார்த்தே வேண்டாம் என்றுவிட்டாள். புளி, தக்காளிக்கு நான் இதை எடுப்பதே இல்லை. ஒருமுறை தக்காளித் தொக்கு வைத்தேன். நாக்கில் இரும்பு வாடை, கூடவே மாதக்கணக்கில் பழக்கின பளபளப்பும் பாதி போய்விட்டது. தொக்கும் கத்திரிக்காய்ப் புளிக்கறியும் இப்போது மண்சட்டியில்தான்.

இரும்புச் சத்து கிடைக்குமே என்று கேட்பார்கள். புளிப்பும் ஈரமுமாக வெகுநேரம் கொதிப்பவற்றில்தான் இரும்பு அதிகம் இறங்கும். பத்து நிமிடம் எண்ணெயில் புரளும் பொரியலில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நான் வாங்கியது ருசிக்காக.

பராமரிப்பு பழகிவிட்டது. சமைத்ததும் பொரியலை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் அலுப்பில் பீன்ஸை அதிலேயே விட்டுவிட்டேன், காலையில் தேங்காய் சாம்பல் நிறத்தில் இருந்தது. சூடு ஆறியபின் தேங்காய் நாரால் தேய்த்து, அடுப்பில் ஒரு நிமிடம் காட்டி, துளி எண்ணெய் தடவி வைப்பேன். சுடச்சுடப் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தபோது செந்துரு பிடித்திருந்தது. உப்புப் போட்டுத் தேய்த்து மறுபடி பழக்கியதில் ஒரு ஞாயிறு போனது.

எடைதான் பெரிய குறை. மனைவிக்கு மணிக்கட்டு வலி, அவளால் ஒற்றைக் கையால் சாய்த்துக் கொட்ட முடியாது. மாமியார் வந்தால் தொடுவதே இல்லை, "இதத் தூக்குறதுக்கு அம்மியத் தூக்கிரலாம்" என்கிறார். சட்டியின் இரண்டு காதும் கொதிக்கும், பிடிதுணி இல்லாமல் தொட்டு நான் இரண்டு முறை சுட்டுக்கொண்டிருக்கிறேன். வாரத்தில் ஒருநாள் மட்டும் சமைப்பவர்கள் வாங்கினால் சட்டி துருப்பிடித்துக் கிடக்கும். அடுத்து எட்டு அங்குலத்தில் தகட்டு இரும்புச் சட்டி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது சூட்டை இந்த அளவுக்குப் பிடிக்காது, ஆனால் மனைவி தூக்கிவிடுவாள்.