வேதாரண்யம் பக்கத்தில், வீட்டோடு ஒரு புயல் அறை: சில வருட அனுபவம்

அமெரிக்காவில் கொல்லையில் குழி தோண்டி இரும்பு அறையை இறக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, மச்சான் நாமும் அப்படியே செய்யலாம் என்றார். அங்கே பயப்படுவது டொர்னாடோ என்ற சுழல்காற்றுக்கு. ஓரிடத்தைச் சில நிமிடத்தில் கடந்துவிடும். நம்மூர்ப் புயல் மணிக்கணக்கில் அடிக்கும், மழையும் சேர்ந்து கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மண்வெட்டியால் கொஞ்சம் வெட்டினாலே தண்ணீர் ஊறிவிடுகிறது. காலித் தொட்டியைப் புதைத்தால் நிலத்தடி நீரே அதை மேலே தூக்கிவிடும்; செப்டிக் டேங்க் கட்டும் கொத்தனாரைக் கேட்டாலே சொல்வார். அதனால் மேட்டில்தான் கட்டினோம்.

ஓட்டு வீட்டின் பின்கட்டை ஒட்டிப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. தரை, தெருவைவிட இடுப்புயரம். மூலைக்கு ஒரு தூண். அடித்தளத்தின் மேல் ஓடும் பிளிந்த் பீம், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல், மேல்தளம் எல்லாம் ஒன்றோடொன்று கம்பி கோத்தது. காங்கிரீட்டுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை விட வந்தார்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் கம்பியை அரித்துவிடும் என்று வாக்குவாதம் செய்து, நல்ல தண்ணீரை வண்டியில் இறக்கினோம். கதவு உள்பக்கம் திறக்கும். வெளியே மரம் விழுந்து கிடந்தாலும் மாட்டிக்கொள்ள மாட்டோம்.

எனக்கு மிகவும் பிடித்தது எதிரெதிர்ச் சுவர்களில் உயரத்தில் வைத்த சின்ன இரும்பு ஜன்னல்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது முதலில் வாடைக்காற்று கூரை ஓடுகளைப் பிய்த்தது. நடுவில் சட்டென்று ஓய்ந்தது. முடிந்ததென்று நினைத்து வாசலுக்கு வந்தவர்கள் உண்டு. அப்புறம் தெற்கிலிருந்து திருப்பி அடித்ததில்தான் எங்கள் தென்னைகள் பெரும்பாலும் போயின. காற்று இப்படித் திசை மாறும் என்பதால், இப்போது காற்றடிக்கும் பக்கத்தை மூடி, எதிர்ப்பக்கத்தைத் திறந்துகொள்கிறோம். உள்ளே நிறையப் பேர் அடைந்திருந்தாலும் மூச்சு முட்டுவதில்லை.

2020இல் நிவர் புயல் போக்குக் காட்டிவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் போனது. அடுத்து வந்த புரெவி புயல்தான் சோதனை. மன்னார் வளைகுடாவிலேயே கிடந்து மழையாகக் கொட்டியது. முற்றத்தில் முழங்கால் தண்ணீர். அறைக்குள் விதைநெல் மூட்டை, பத்திரப் பெட்டி, மாமியார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் நனையாமல் இருந்தார்கள். சுவரின் கனத்தைவிடத் தரையின் உயரத்துக்குச் செலவழித்த காசுதான் அன்று உதவியது.

குறைகளும் உண்டு. சித்திரையில் உள்ளே நிற்க முடியாது, தளம் அனலாய்க் கொதிக்கும். உப்புக்காற்றில் ஜன்னல் கீல் இறுகிவிடுகிறது. புரட்டாசியிலேயே கிரீஸ் போட்டு ஆட்டிப் பார்த்துவிட வேண்டும். கக்கூஸ் வெளியே இருப்பதால் பெண்கள்பாடு திண்டாட்டம். புதிதாகக் கட்டுபவர்கள் இடம் குறைந்தாலும் அதை உள்ளேயே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, அடிபம்பு. கஜாவுக்குப் பின் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தோம். அதனால் அறை வாசலை ஒட்டியே, மேட்டின் மேல் ஒரு பம்பு போட்டோம். குடிக்க ஆகாது, கரிப்பு. மற்ற எல்லாவற்றுக்கும், கரண்ட் போனால் தெருவே குடத்தோடு அங்கேதான் வருகிறது.