கோத்தகிரியில் வீடு பார்ப்பதென்றால் அடைமழையில் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் வீடு வாங்க நினைக்கும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் சீசனில்தான் வந்து பார்க்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி என்று ஊரே களைகட்டியிருக்கும். கீழே கோவையில் வெயில் கொளுத்தும்போது இங்கே ஸ்வெட்டர் போடலாமா வேண்டாமா என்கிற அளவுக்குத்தான் குளிர். அந்த நேரத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் உடனே குடிவந்துவிடலாம் போலிருக்கும். விலையும் அந்த ஆசையைப் பார்த்துத்தான் சொல்லப்படும்.

என்னைக் கேட்டால் ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள் என்பேன். நீலகிரியின் மேற்குப் பக்கமான கூடலூர், பந்தலூர், அவலாஞ்சியெல்லாம் ஆடி மாதத் தென்மேற்குப் பருவமழையில் நனையும். கிழக்கே பார்த்த குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் கெட்டி. ஜூனிலோ ஜூலையிலோ வந்து, "மழைக்காலத்திலேயே பார்த்துவிட்டேன், வீடு ஒழுகவில்லை" என்று திருப்திப்பட்டால் அது பாதிக் கணக்குத்தான்.

நான் இருப்பது சிங்கப்பூரில். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஜூனிலும் வருடக் கடைசியிலும்தான் என்பதால் ஊருக்கு வருவதும் அப்போதுதான். ஜூனில் பார்த்து வைத்த வீடுகளையே இந்த முறை கார்த்திகை மழையில் திரும்பப் பார்த்தேன். அவசரத்துக்குக் காரணம், அப்பா அம்மா குடியிருக்கும் வாடகை வீடு. மார்ச்சுக்குள் காலி செய்து கொடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். காரணத்தை மறைக்கவும் இல்லை. வீட்டைக் காட்டேஜ் ஆக்கப் போகிறாராம். "சீசன்ல ரெண்டு சனி ஞாயிறு ஓடினா உங்க ஒரு மாச வாடகை வந்துருதுங்க" என்று அப்பாவிடமே சொல்லியிருக்கிறார்.

இது அவர் ஒருவர் கதை இல்லை. பொங்கல் முடிந்தால் வாடகை வீடு கிடைப்பது குறைய ஆரம்பிக்கும். மார்ச்சில் ஒன்றுகூடக் கிடைக்காது. ஜூனில் சீசன் முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் காலி வீடுகள் மறுபடி தலைகாட்டும். பதினொரு மாத அக்ரிமெண்டை ஜூனில் தொடங்கி, அடுத்த சீசனுக்குள் வீடு கைக்கு வரும்படி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. இதை நான் சொன்னபோது ஒரு வீட்டுக்கார அம்மா சிரித்துவிட்டு, "அது சென்னைக்குப்பா" என்றார்.

சரி, சொந்தமாகவே ஒன்று பார்த்துவிடலாம் என்று புரோக்கர் அண்ணனிடம் போனேன். இந்த ஊர்ச் சந்தையின் பஞ்சாங்கத்தையே அவர் ஒப்பித்தார். சித்திரை, வைகாசியில் சொல்வது ஆசை விலை. ஆனியில் கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆடியில் யாரும் வாங்க மாட்டார்கள், ஆனால் பணம் தேவைப்படுகிறவர் இறங்கி வருவது அப்போதுதான். ஆவணி முகூர்த்தங்களில் பதிவு சூடு பிடிக்கும். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனில் ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தவர்கள் விலையை மறுபடி ஏற்றிவிடுவார்கள். அப்புறம் மழை. மார்கழியில் பேச்சு மட்டும், பத்திரம் கிடையாது. தை பிறந்ததும் பதிவு அலுவலகத்தில் நிற்க இடம் இருக்காது.

ஆடிக் கதையைக் கேட்டபோது எனக்குச் சிங்கப்பூர்தான் நினைவுக்கு வந்தது. அங்கே சீனர்களின் ஏழாம் மாதம், அதாவது பேய் மாதம், நம் ஆடியை ஒட்டித்தான் வரும். அந்த மாதம் பலர் வீடு வாங்கவும் மாட்டார்கள், புது வீட்டில் குடிபோகவும் மாட்டார்கள். அங்கேயும் விவரமானவர்கள் பேரம் பேசுவது அப்போதுதான்.

"இப்ப வந்தீங்க பாருங்க, இதுவும் நல்ல நேரம்தான் தம்பி. ஆனா வீட்டைக் காட்டத்தான் எனக்குப் பயம்" என்றார் அண்ணன். ஏன் பயம் என்பது முதல் வீட்டிலேயே தெரிந்தது. ஜூனில் அந்த வீட்டின் படுக்கையறை பளிச்சென்று இருந்தது. இப்போது மேட்டை ஒட்டிய சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரலால் தொட்டால் வெள்ளை மாவாக உதிர்ந்தது. ஒரு கொப்புளக் கூட்டத்தின் மேல் ஜவுளிக்கடைக் காலண்டர் தொங்கியது. சுவர் அலமாரியைத் திறந்தால் பிளைவுட் உப்பி, கதவு திரும்ப மூடவில்லை. உள்ளே அடுக்கியிருந்த போர்வைகளில் பச்சைப் பூசணம். அந்த வாசனையைப் புகைப்படத்தில் பார்க்க முடியாது, நேரில் மூக்கை நுழைத்தால்தான் உண்டு.

இன்னொரு வீடு உள்ளே நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கம் போனால் ஆளுயரத்துக்கு மேல் தடுப்புச் சுவர், அதில் தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்லை. மண்ணில் ஊறும் தண்ணீர் முழுவதும் சுவருக்குப் பின்னாலேயே தேங்கி அதைத் தள்ளிக்கொண்டிருக்கும். நடுவில் லேசாக வயிறு தள்ளியிருந்ததையும் பார்த்தேன். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், நீலகிரியில் அப்போதைய மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்ததையும் இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த வீட்டை மட்டும் அண்ணனே, "வேண்டாம், நடங்க" என்றார்.

மழையில் தெரியாதது ஒன்று உண்டு, தண்ணீர்ப் பஞ்சம். கார்த்திகையில் எல்லாத் தொட்டியும் நிரம்பித்தான் இருக்கும். பங்குனி, சித்திரையில் குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது என்று பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். விற்கிறவரைக் கேட்டால் வருடம் முழுக்க வற்றாது என்பார்.

இனி அரசு அலுவலகச் சேவைகள். ஆன்லைன் பக்கம் நிஜமாகவே மாறியிருக்கிறது. வில்லங்கம் பார்ப்பதைச் சிங்கப்பூரில் உட்கார்ந்தே பதிவுத்துறை இணையதளத்தில் முடித்தேன். பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) விவரமும் இணையத்தில் கிடைத்தது. நேரில் போன ஒரு அலுவலகத்தில்தான் பழைய கதை. உட்பிரிவு பற்றிக் கேட்டதற்கு, அளப்பவர் மழை விட்டால் வருவார் என்றார்கள். மழை எப்போது விடும் என்று கேட்டேன். வானத்தைக் காட்டினார் எழுத்தர்.

நீலகிரிக்கு வாடகைக் காரில் வருவதென்றால் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த ஏற்பாடு. இந்தியக் கைபேசி எண் இல்லாத எனக்கு மின்னஞ்சலை வைத்தே கிடைத்தது, சிரமமில்லை. 2025 ஏப்ரலில் சீசனுக்கென்று உச்சவரம்பும் வந்தது: வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. சும்மா மேலே வந்து வீடு பார்த்துவிட்டுப் போகும் ஆட்கள் இதனால் குறைந்துவிட்டதாக அண்ணனுக்கு வருத்தம். எனக்கென்னவோ அது நல்லதாகத்தான் படுகிறது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே பாதி வீடுகளைத் "தேயிலையோடு" சேர்த்துத்தான் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அனுமதி இல்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். குடியிருப்பு வீடு தாராளமாக வாங்கலாம். எனக்குக் காட்டிய ஒரு வீடு பத்திரத்தில் புஞ்சையாக இருந்தது. "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றார் விற்பவர். பார்த்துக்கொள்ளப் போவது நான்தானே? விட்டுவிட்டேன். மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் மாஸ்டர் பிளானையும் விசாரியுங்கள். மலைப்பகுதிக்கான கட்டட விதிகளில் உயரத்துக்கு வரம்பு உண்டு.

கடைசியில் அமைந்தது மேட்டின் முதுகில் இருக்கும் ஒரு பழைய ஓட்டு வீடு. நாலு பக்கமும் தண்ணீர் வடியும், சுவர் காய்ந்திருந்தது, அலமாரியில் வாசனை இல்லை. காட்சி மட்டும் பெரிதாக ஒன்றுமில்லை, எதிரே பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அதனாலேயே சீசன்காரர்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை போலும். ஜூனில் சொன்ன விலையிலிருந்து ஆறு லட்சம் இறங்கி வந்தார்கள். கார்த்திகையிலேயே அக்ரிமெண்ட் போட்டு, தையில் கிரயம் என்று பேசினோம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் தனியாக எடுத்து வைக்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

தைக்கு என்னால் வர முடியாது என்பதால், கிளம்பும் முன்பே அப்பாவுக்குப் பவர் (எனக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரம்) எழுதி இங்கேயே பதிந்துவிட்டேன். சிங்கப்பூர் திரும்பிய பிறகு எழுதுவதானால் அங்குள்ள இந்திய ஹை கமிஷனில் கையெழுத்திட்டு அனுப்பி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டியிருக்கும்.

வீட்டின் பக்கவாட்டில் சின்னத் தடுப்புச் சுவர் ஒன்று உண்டு. கிரயத்துக்குள் அதில் வடிகால் துளை போட்டுத் தர வேண்டும் என்று அக்ரிமெண்டில் சேர்க்கச் சொன்னேன். "இதெல்லாம் எழுதற வழக்கமில்லைங்க சார்" என்றார் பத்திர எழுத்தர். எத்தனை துளை, எவ்வளவு இடைவெளியில் என்பது வரை எழுத வைத்துவிட்டுத்தான் அட்வான்ஸைக் கொடுத்தேன்.