ஃபோல்ட்ஸ்கோப்: சேவல் இறகுக்கும் பனியன் நூலுக்கும் ஒரு தாள் நுண்ணோக்கி

பள்ளி மைக்ராஸ்கோப் பெரும்பாலும் பீரோவுக்குள்தான் இருக்கும். பிள்ளைகள் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோகக்கூடியது ஃபோல்ட்ஸ்கோப். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் வடிவமைத்து 2014-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட கருவி இது. நனையாத செயற்கைத் தாளை மடித்துச் செய்வது. 140 மடங்கு பெரிதாக்கும். பாடத்துக்காக மட்டும் வாங்கினால் பாதிப் பயன்தான். "உங்க வீட்டுல என்ன இருக்கு, கொண்டு வா" என்று சொல்லத் தெரிந்த ஆசிரியர் கையில்தான் இது முழுசாக உழைக்கும்.

முதல் நாள் பீரியட் மடிப்பதிலேயே போய்விடும், போகட்டும். மடிப்பை நகத்தால் நன்றாக நீவாவிட்டால் ஃபோகஸ் நிற்காமல் நழுவும். லென்ஸில் விரல் பட்டால் எல்லாமே மங்கல். "ஒண்ணுமே தெரியலீங்க சார்" என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கண்ணைத் தள்ளி வைத்துப் பார்ப்பது. இமைமுடி தாளில் உரசும் அளவுக்கு ஒட்டி வைக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் போதும். சூரியனை நோக்கிப் பிடிக்கவே கூடாது.

திருப்பூர்ப் பக்கம் பனியன் துணிக்குப் பஞ்சமில்லை. ஆனால் துணியை அப்படியே வைத்தால் வெளிச்சம் ஊடுருவாது. நூலைப் பிரித்து ஓர் இழையை மட்டும் செலோ டேப்பில் ஒட்ட வேண்டும். பருத்தி தட்டையாக, ஆங்காங்கே முறுக்கிக்கொண்டு தெரியும். பாலியஸ்டர் வழவழவென்று ஒரே சீராக இருக்கும். அம்மா கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பிள்ளை இதற்கு மேல் ஆசிரியருக்கே பாடம் எடுக்கும். எடுக்க விடுங்கள்.

ஈரோட்டு மஞ்சள் தூளைத் துளி தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். மஞ்சளை வேகவைத்துக் காயப்போடுவதால் அதிலுள்ள மாவுச்சத்து கூழாகி மஞ்சள் கட்டிகளாகத் தெரியும். நிறமில்லாத தனித்தனி மணிகள் நிறைய கிடந்தால் வேகாத மாவு கலந்திருக்கலாம். பக்கத்தில் மரவள்ளி மாவை வைத்து ஒப்பிட்டால் சுலபம். அயோடின் இதற்கு உதவாது. மஞ்சளிலேயே மாவுச்சத்து இருப்பதால் சுத்தமான தூளும் கறுக்கும். தண்ணீர் வைத்த ஸ்லைடில் கறுப்பு விளிம்போடு வட்டம் தெரிந்தால் அது காற்றுக்குமிழி. செல் என்று பிள்ளைகள் படம் வரைந்துவிடுவார்கள். மேல்கண்ணாடியைச் சாய்த்து இறக்கினால் குமிழி குறையும்.

சேவலோ புறாவோ வளர்க்கிற பையன்கள் இறகோடு வருவார்கள். நடுத்தண்டு வேண்டாம், பக்கவாட்டு இழை ஒன்று போதும். கிளைகளில் குட்டிக் கொக்கிகள் தெரியும். அடுத்து நெயில் பாலிஷ். வகுப்பில் பிடுங்கி வைக்கிற அதே பொருள்தான். நிறமில்லாததை இலையின் அடிப்பக்கத்தில் மெல்லிசாகப் பூசி, நன்றாகக் காய்ந்ததும் டேப்பால் உரித்தெடுத்தால் இலைத்துளைகளின் அச்சு கிடைக்கும். காயும் முன் உரித்தால் கிழியும். அடிப்பக்கம் ரோமம் உள்ள இலைகள் ஆகாது.

பெரிய குறை, ஒரு சமயத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். பிள்ளை பார்ப்பது ஆசிரியருக்குத் தெரியாது, "என்ன கண்ணு தெரியுது?" என்று கேட்டே ஆக வேண்டும். எனக்கு இந்தக் குறை பிடித்திருக்கிறது. மார்க் விஷயத்தில் வாயே திறக்காத பிள்ளை தன் புறாவைப் பற்றி வாய் ஓயாமல் பேசும். அதனால் காந்தத்தை வைத்துக் கருவியை மொபைல் கேமராவில் பொருத்துவதைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். திரையில் காட்டிவிட்டால் பேச்சு நின்றுவிடும். ஒவ்வொரு ஸ்லைடிலும் கொண்டுவந்தவர் பெயரை எழுதுங்கள். ஆசிரியர் தன் சாம்பிளை முதலில் காட்டுவதும் வேண்டாம். மறுநாள் நாற்பது பேரும் அதையே கொண்டுவருவார்கள்.

பாக்டீரியா பார்க்கலாம் என்ற ஆசையில் வாங்காதீர்கள், பெரும்பாலானவை இதில் தெளிவாகத் தெரியாது. இரண்டு பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்குங்கள். லென்ஸை மட்டும் தனி டப்பாவில் வையுங்கள், கீழே விழுந்தால் தேடி எடுப்பது கஷ்டம்.