காப்பிரைட் கிளைமை நீக்கித் தருகிறேன் என்பவரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள்

மயிலாப்பூரில் எங்கள் பெரியம்மா பாடுவதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டு வருகிறேன். அவருக்கு 71 வயது. மேடை ஏறியதில்லை, தெருப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவர். போன மார்கழியில் அவர் பாடிய ஒரு தியாகராஜ கிருதிக்குக் காப்பிரைட் கிளைம், அதாவது உரிமைக் கோரல், வந்தது. ஒரு கம்பெனியின் பழைய ஒலிப்பதிவோடு எங்கள் வீடியோவில் ஒன்றரை நிமிடம் ஒத்துப்போகிறதாம். விளம்பர வருமானம் இனி அவர்களுக்கு.

பெரியம்மாவிடம் சொன்னதும் முகம் வாடிப்போயிற்று. "நான் யாரோடதைடா எடுத்தேன்? எங்க வாத்தியார் சொல்லிக்கொடுத்ததைத்தானே பாடினேன்?"

அந்த முகத்தைப் பார்த்த பதற்றத்தில்தான் தப்புச் செய்தேன். கிளைமை நீக்கித் தருவதாகச் சொன்ன ஒருவரின் நம்பரை வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் பிடித்து, வடபழனியில் ஒரு மாடி அறைக்குப் போனேன். "மூணு ஸ்ட்ரைக் வந்தா சேனலே போயிடும் சார், உடனே பண்ணணும்" என்றார் அங்கிருந்தவர். 8,500 ரூபாய் ஜிபே செய்தேன். ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்டார், கொடுத்தேன். ஓடிபி வந்தது, அதையும் படித்துச் சொன்னேன்.

அவர் சொல்லாமல் மறைத்தது இதுதான்: கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற இயந்திரம் ஒலியை ஒப்பிட்டுப் பார்த்துத் தானாகப் போடுவது கிளைம். அதனால் சேனலுக்கு ஆபத்தில்லை. உரிமைக்காரர் சொல்லி வீடியோவையே நீக்கும்போது சேனலுக்கு விழும் எச்சரிக்கைதான் ஸ்ட்ரைக். கிளைம் தவறு என்று டிஸ்ப்யூட் போட ஒரு பைசா செலவில்லை. 5 நாளுக்குள் போட்டால், கிளைம் வந்த முதல் நாளிலிருந்து வரும் வருமானத்தை யூடியூப் யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவைக்கும். "உடனே பண்ணணும்" என்றவர் பன்னிரண்டாம் நாள்தான் போட்டார். அதுவரை வந்த காசு போனது போனதுதான்.

காசு போனதுகூடப் பரவாயில்லை. டிஸ்ப்யூட்டில் காரணம் கேட்கும் இடத்தில், அந்தக் கம்பெனியிடம் நான் லைசென்ஸ் வாங்கியிருப்பதாக என் பெயரில் எழுதியிருக்கிறார். முழுப் பொய்! உண்மையே எங்கள் பக்கம் இருந்தது. தியாகராஜர் மறைந்தது 1847-ல். அவருடைய கிருதி இன்று யாருக்கும் தனிச்சொத்து இல்லை. அதை ஒருவர் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவுக்குத்தான் நம் நாட்டுச் சட்டத்தில் 60 ஆண்டு உரிமை உண்டு. நாங்கள் யாருடைய பதிவையும் எடுக்கவில்லை. ஒரே கிருதியை ஒரே ராகத்தில் இரண்டு பேர் பாடினால் இயந்திரம் குழம்புகிறது, அவ்வளவுதான்.

கம்பெனிக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. லைசென்ஸ் எதுவும் தரவில்லை என்று நிராகரித்தார்கள். என்னைக் கேட்காமலே அந்த ஆள் அப்பீல் போட்டார். அப்பீலையும் அவர்கள் ஏற்காவிட்டால் அடுத்தது வீடியோவை நீக்கச் சொல்வதுதான். நீக்கினார்கள். 90 நாளுக்கு ஸ்ட்ரைக். இல்லாத ஆபத்தைக் காட்டிப் பணம் வாங்கியவரே அதைக் கொண்டுவந்து சேர்த்தார். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

பிறகு நானே உட்கார்ந்து, நீக்கியது தவறு, வீடியோவைத் திருப்பிப் போடுங்கள் என்று யூடியூபுக்கு எதிர் அறிவிப்பு அனுப்பினேன். அதில் சொந்தப் பெயர், முகவரி கொடுத்து, பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்று உறுதி சொல்ல வேண்டும். அதனால் உண்மை மட்டும் எழுதினேன். நாலாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்கிறது, அதற்குப் பெரியம்மா ஒரு நொடி நிறுத்திச் சிரித்துவிட்டுச் சரணத்தைத் தொடர்கிறார், அந்தக் கம்பெனியின் பதிவில் இது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அமெரிக்கக் கணக்கில் 10 வேலை நாளுக்குள் அவர்கள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வீடியோ திரும்பி வந்தது, ஸ்ட்ரைக்கும் போயிற்று. மார்கழியில் போட்டது, பங்குனி அறுபத்துமூவருக்குச் சில நாள் முன்புதான் மறுபடி கண்ணில் பட்டது.

அந்த வடபழனி நம்பர் இன்னும் குரூப்களில் சுற்றுகிறது. ஏற்கெனவே அவரிடம் ஓடிபி சொன்னவர்கள் இன்றைக்கே ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், தெரியாத போன் எதிலாவது உங்கள் கணக்கு திறந்திருந்தால் வெளியேற்றுங்கள். யூடியூப் விளம்பர வருமானம் வந்து சேரும் ஆட்சென்ஸ் கணக்கும் அதே மெயிலில்தான் இருக்கிறது. பணம் இழந்தவர்கள் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டேன்.