பேட்டரி வீடியோ காலிங் பெல்: செங்கோட்டைச் சாரலுக்குத் தாங்குமா?

வீடியோ காலிங் பெல் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது மெகாபிக்சலை. வாசலில் வைஃபை எவ்வளவு எட்டுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செங்கோட்டை, புளியரைப் பக்கத்துக் கனத்த சுவர் வீடுகளில், உள்ளறை ரவுட்டரின் சிக்னல் வாசலுக்கு வருவதற்குள் இளைத்துவிடும். வாங்குமுன் வைஃபை அளக்கும் செயலியை போனில் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, பெல் மாட்டப்போகும் இடத்தில் நின்று பாருங்கள். சிக்னல் பலத்தைச் சொல்லும் டிபிஎம் எண் மைனஸ் 60 என்றால் கவலையில்லை. மைனஸ் 75-ஐத் தொட்டால் படம் திக்கித் திணறும். அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிப் பேட்டரியும் தீரும்.

இந்தப் பெல்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் சேரும். ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் இணைப்பு பாதியில் நின்றுபோகலாம். 5-ஐத் தற்காலிகமாக அணைத்துவிட்டு இணையுங்கள். முழுசாகச் சார்ஜ் ஏற்றி, ரவுட்டர் பக்கத்திலேயே வைத்துச் சேர்த்தபிறகு சுவருக்குக் கொண்டுபோவது நல்லது.

தரையிலிருந்து நாலடி உயரம் சரி. பெரும்பாலும் 6 மிமீ துளையும் பிளாஸ்டிக் பிளக்கும் போதும். உடல் சூட்டை உணரும் சென்சார், நேரே வருகிறவரைவிடக் குறுக்கே நடப்பவரைத்தான் சட்டெனப் பிடிக்கும். தெருவைப் பார்த்து வைத்தால் போகிற ஆட்டோவுக்கெல்லாம் விழித்துக்கொள்ளும். பேட்டரி இத்தனை மாதம் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு, நாளைக்குச் சில தடவை மட்டும் விழிக்கும் பெல்லுக்கு. தெருவோர வீட்டில் அது வாரக்கணக்காகிவிடும். ஆப்புக்கட்டை வைத்து நடைபாதைப் பக்கம் சாய்த்து, உணர்திறனையும் குறையுங்கள்.

ஆனி, ஆடிச் சாரல் நேராக விழாது. மேற்கிலிருந்து காற்றோடு சாய்ந்தடிக்கும். ஐபி65 (தூசு, நீர்த் தடுப்புத் தர எண்) உறை தண்ணீரைத் தாங்கும், ஆனால் சார்ஜ் துளையின் ரப்பர் மூடியை அழுத்தி மூடாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. மேற்கு வாசலென்றால் சன்ஷேடுக்கு அடியில்தான் மாட்ட வேண்டும். சுவர் இடுக்கில் சிலிக்கோன் பசை பூசுவதானால் மேல்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் மட்டும். கீழ்விளிம்பையும் அடைத்தால் புகுந்த நீர் வெளியேறாது. ராத்திரியில் படம் வெள்ளையாகப் பூத்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். லென்ஸ் மேல் நீர்த்துளியோ சிலந்தி வலையோ இருக்கும், துடைத்தால் சரியாகிவிடும்.

கரண்ட் போனால் பெல் உயிரோடிருக்கும், ரவுட்டர் இருக்காது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒத்துப்பார்த்து. கரண்ட் இருக்கும்போதும், பட்டனை அழுத்திய சில விநாடி கழித்தே போன் அடிக்கும். அதற்குள் கூரியர்காரர் வண்டியைக் கிளப்பியிருப்பார். அதனால் வீட்டுக்குள் ஒலிக்கும் மணி சேர்ந்து வராத மாடலே வேண்டாம். மெமரி கார்டும் பெல்லுக்குள் இல்லாமல் உள்மணியில் இருப்பதாகப் பாருங்கள். பெல்லைப் பெயர்த்துக்கொண்டு போனாலும் பதிவு தங்கும்.

சன்ஷேடுக்கு அடியில் தலைவாசலென்றால் கொடுக்கும் காசுக்குத் தகும். முப்பது நாற்பது அடி தள்ளிய கேட்டுக்கு இது வேண்டாம்; வயர் இழுத்து வீடியோ டோர்போன் போடுங்கள்.